தொட்டுப் பார்க்கத் துணிந்த தோமையார்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

சந்தேகப் பிராணி என்று ஒருவரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு, முகம் சுளிக்காமல் பீடத்தில் நிற்கும் புனிதர் ஒருவர் இருக்கிறார். அவரே நம் நாட்டின் திருத்தூதர் புனித தோமையார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுத எங்களைத் தூண்டியது ஒரு சிறு சண்டை. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பினர் சிதம்பரத்திற்குச் சுற்றுலா சென்றிருந்தோம். ஆயிரங்கால் மண்டபத்தின் முன் எங்களை நிறுத்தி, சேக்கிழாரின் பெரிய புராணம் அரங்கேறிய இடம் இதுதான் என்று தமிழாசிரியை விளக்கினார். திரும்பி வரும்போது ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. சிதம்பரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி, அப்பர் பெருமானைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்த கதையையும், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரை நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்த கதையையும் மிக அழகாகச் சொன்னாள். எங்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். கல் எங்கேயாவது மிதக்குமா என்று கேட்டும் விட்டாள். தோழியின் முகம் வாடியது. சற்று நேரம் பேசாமல் இருந்தவள், உங்கள் இயேசு மட்டும் உண்மையில் வாழ்ந்தவர்தானா, கதையில் வருகிறவரா, யார் பார்த்தார்கள் என்று திருப்பிக் கேட்டாள். அப்படிக் கேட்பதே பாவம் என்று மற்றொருத்தி கத்தினாள். அதன் பிறகு பத்து நாட்கள் எங்கள் பெஞ்சில் பேச்சு வார்த்தையே இல்லை.

செய்தி மறைக்கல்வி நடத்தும் அருட்சகோதரியின் காதுக்கு எட்டியது. திட்டு விழும் என்று பயந்தோம். சகோதரியோ எவரையும் கடிந்துகொள்ளவில்லை. இதே கேள்வியை, இதைவிடக் கடுமையாக, ஆண்டவரின் பன்னிருவரிலேயே ஒருவர் கேட்டிருக்கிறாரே, அவர் யார் என்று மட்டும் வினவினார்கள். வகுப்பு முழுவதும் அமைதி. பிறகு, சண்டையிட்டவர்கள் சேர்ந்து அவருடைய வரலாற்றைத் தேடி எழுத வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். அப்படித் தேடியதன் பயனே இக்கட்டுரை.

தோமா என்ற சொல்லுக்கு, இயேசு பேசிய அரமேய மொழியில் இரட்டைப் பிறவி என்பது பொருள். கிரேக்க மொழியில் திதிமு என்று வழங்கும் பெயருக்கும் அதே பொருள்தான். நம் ஊரில் இரட்டைக் குழந்தைகளுக்கு ராமன், லட்சுமணன் என்று பெயரிடுவது போலத்தான் இதுவும். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் திருத்தூதர் பட்டியலில் இவர் பெயரைக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். யோவான் நற்செய்திதான் இவருடைய குணத்தை நமக்குப் படம்பிடித்துக் காட்டுகிறது.

முதல் காட்சி, இலாசர் இறந்த வேளை. யூதேயாவுக்குப் போனால் கல்லெறிந்து கொல்லக் காத்திருக்கிறார்கள் என்று சீடர்கள் ஆண்டவரைத் தடுக்கிறார்கள். தோமா மட்டும், நாமும் போவோம், அவரோடு சாக வேண்டியிருந்தாலும் சாவோம் என்று உடன் சீடர்களை அழைக்கிறார். சந்தேகக்காரர் என்று நாம் அறிந்தவர் முதலில் நமக்கு அறிமுகமாவது வீரராகத்தான்! இரண்டாவது காட்சி, இறுதி இரவு உணவு. தாம் போகும் இடத்திற்கு வழி உங்களுக்குத் தெரியும் என்று ஆண்டவர் கூறுகிறார். எவருக்கும் விளங்கவில்லை. ஆயினும் எல்லோரும் விளங்கியது போல் இருக்கிறார்கள். போகுமிடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று வாய் திறந்து கேட்டவர் தோமா ஒருவரே. வகுப்பில் புரியாத கணக்கைப் புரிந்ததாகத் தலையாட்டும் எங்களுக்கு இது பெரிய பாடம். அவர் கேட்டதனால் அல்லவா, தாமே வழியும் உண்மையும் வாழ்வுமாக இருப்பதை இயேசு வெளிப்படுத்தினார்!

மூன்றாவது காட்சி உலகறிந்தது. உயிர்த்த ஆண்டவர் தோன்றியபோது தோமா அங்கு இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஆணிகளின் தழும்பைப் பார்த்து, அதில் விரலை இட்டு, விலாவில் கையை இட்டாலன்றி நம்பமாட்டேன் என்றார். எட்டு நாட்கள் கழித்து ஆண்டவர் மீண்டும் வந்து, தொட்டுப் பார்க்குமாறு அவரையே அழைத்தார். ஓவியர்கள் தோமாவின் விரல் காயத்திற்குள் இருப்பது போலத் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் தொட்டதாக நற்செய்தியில் எழுதியிருக்கவில்லை. அவரைத் தம் ஆண்டவராகவும் கடவுளாகவும் அறிக்கையிட்டார் என்றே எழுதியிருக்கிறது. இன்னும் ஒன்றைக் கவனித்தோம். அந்த எட்டு நாளும் நம்பாத தோமாவை மற்றச் சீடர்கள் வெளியே தள்ளவில்லை. அவர்களோடுதான் இருந்தார். எங்கள் பத்து நாள் மௌனத்தை நினைத்து வெட்கப்பட்டோம்.

இனி, நம் நாட்டுக்கு அவர் வந்த கதையைக் காண்போம். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியா மொழியில் தோமாவின் பணிகள் என்ற நூல் ஒன்று எழுந்தது. திருத்தூதர்கள் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டுக்கொண்டபோது தோமாவுக்கு இந்தியா விழுந்ததாம். தமக்கு மொழி தெரியாது, போகமாட்டேன் என்று அவர் மறுத்தாராம். குண்டபோரன் என்ற அரசனுக்காகத் தச்சன் தேடி வந்த ஹப்பான் என்னும் வணிகனிடம், இயேசுவே அவரை அடிமையாக விற்றுவிட்டாராம். அரண்மனை கட்டச் சொல்லி அரசன் தந்த பொன்னையெல்லாம் தோமையார் ஏழைகளுக்குக் கொடுத்தார். அரசன் வந்து பார்த்தான். ஒரு தூண்கூட எழும்பவில்லை. சினந்து சிறையில் அடைத்தான். அன்றிரவே இறந்த அரசனின் தம்பி, விண்ணுலகில் தன் அண்ணனுக்காகக் கட்டப்பட்டிருந்த அரண்மனையைக் கண்டு, உயிர் பெற்று வந்து சொன்னானாம். இறுதியில் வேறொரு மன்னனின் ஆணையால், நான்கு வீரர்கள் மலைமேல் ஈட்டியால் குத்தித் தோமையாரைக் கொன்றனர் என்று அந்நூல் முடிகிறது.

கேட்க இனிய கதை. ஆனால் கதைதானே? அறிஞர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். ஏனெனில் குண்டபோரன் என்ற அரசனை வரலாற்று ஏடுகள் எவையும் அறியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் பழைய நாணயங்கள் கிடைத்தன. அவற்றில் அந்த அரசனின் பெயர் பொறித்திருந்தது! பின்னர் தக்தி பாஹி என்னுமிடத்தில் ஒரு கல்வெட்டும் கிடைத்தது. அது அவனுடைய 26ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. அவ்வாண்டு கி.பி. 46 ஆகலாம் என்று அறிஞர் பலர் கணக்கிடுகின்றனர். அதாவது தோமையார் வாழ்ந்த அதே காலம். இதைப் படித்தபோது எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தோமையார் வந்தது மெய் என்று முடிவாகிவிட்டது என ஒருத்தி குதித்தாள். சிதம்பரத்துத் தோழிதான் நிதானமாக மறுத்தாள். அரசன் உண்மையானவன் என்பதால் அவனைப் பற்றிய கதை முழுவதும் உண்மையாகிவிடுமா என்று கேட்டாள். ராஜராஜ சோழனை வைத்து இன்று ஒருவர் நாவல் எழுதினால், அதில் வருவோர் அனைவரும் வாழ்ந்தவராகிவிடுவார்களா? அவள் கேட்டது நியாயம்தான். நாணயங்கள் காட்டுவது, கதை எழுதியவருக்கு இந்தியாவைப் பற்றி மெய்யான செய்தி ஏதோ எட்டியிருந்தது என்பதையே.

பாலஸ்தீனத்திலிருந்து ஒருவர் அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்திருக்க முடியுமா? இதற்கு விடை தேடி நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கடலூரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரியை அடுத்து அரிக்கமேடு இருக்கிறது. 1945ஆம் ஆண்டு வீலர் என்னும் தொல்லியல் அறிஞர் அங்கே அகழாய்வு நடத்தினார். இத்தாலியில் செய்த சிவந்த பளபளப்பான மட்பாண்டங்களின் துண்டுகளும், திராட்சை இரசம் கொண்டுவந்த சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பருவக்காற்றின் துணையால் செங்கடல் வாயிலிலிருந்து முசிறித் துறைக்கு 40 நாட்களில் வந்துவிடலாம் என்று ரோமானியரான மூத்த பிளினி எழுதியிருக்கிறார். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை நம் சங்கப் புலவரும் பாடியுள்ளனர். கரூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் திபேரியு பேரரசனின் வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. இந்தத் திபேரியுவின் ஆட்சியில்தான் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்களிடம் ஆண்டவர் வாங்கிப் பார்த்த காசும் இத்தகையதே என்று பலர் கருதுகின்றனர். நசரேத்து ஏதோ எட்டாத் தொலைவில் உள்ள ஊர் என்று நினைத்திருந்த எங்களுக்கு, அது நம் கடலின் மறுகோடியில் இருப்பதாகத் தோன்றியது.

கேரளத்துச் சகோதரர்களின் மரபுப்படி, தோமையார் கி.பி. 52இல் முசிறி எனப்பட்ட கொடுங்கல்லூரில் இறங்கி, ஏழு இடங்களில் சபைகளை நிறுவினார். பின்னர் சோழ மண்டலக் கரைக்கு வந்து மயிலாப்பூரில் போதித்தார். சைதாப்பேட்டைச் சின்னமலையில் மறைந்து வாழ்ந்தார். கி.பி. 72இல் பரங்கிமலை என்னும் புனித தோமையார் மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு மறைசாட்சியானார். மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லறையின் மீதே இன்று சாந்தோம் பேராலயம் நிற்கிறது. தற்போதுள்ள கோயில் 1896இல் கட்டி முடிக்கப்பெற்றது. 1956இல் பசிலிக்கா என்ற சிறப்பைப் பெற்றது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அங்கே வந்து செபித்தார்.

இம்மரபுக்குச் சான்றுகள் எவை? 4ஆம் நூற்றாண்டில் புனித எபிரேம், தோமையாரின் எலும்புகளை ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எதேசா நகருக்குக் கொண்டுவந்ததைப் பாடியிருக்கிறார். அவை 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனா நகரை அடைந்து இன்றும் அங்கே உள்ளன. 6ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ஆயர் தூர் நகர கிரகோரி, அவ்வுடல் முதலில் இருந்த இந்திய ஊரில் ஒரு கோயிலும் மடமும் இருப்பதாக எழுதினார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, தமிழகக் கரையில் ஒரு சிற்றூரில் தோமையாரின் கல்லறை உள்ளதென்றும், கிறிஸ்தவரும் முகமதியரும் அங்கே திருயாத்திரை போகின்றனர் என்றும் கூறுகிறார். ஆனால் தோமையார் ஈட்டியால் இறக்கவில்லை, மயில் வேட்டையாடிய ஒருவனின் அம்பு தவறிப் பட்டு இறந்தார் என்பது அவர் கேட்ட கதை! போர்த்துக்கீசியர் 1523இல் கல்லறையைத் தோண்டிப் பார்த்தனர். 1545இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கு சில மாதங்கள் தங்கிச் செபித்தார்.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோமையார் வந்ததைக் கூறும் முதல் நூற்றாண்டுக் கல்வெட்டோ ஏடோ நம் நாட்டில் கிடைக்கவில்லை. பழைய மேலைநாட்டார் இந்தியா என்ற பெயரைப் பல நாடுகளுக்கும் வழங்கினர். குண்டபோரன் ஆண்டது வடமேற்கில். மயிலாப்பூரோ தென்கிழக்கில். கானாவூர்த் தோமா என்ற வணிகர் பிற்காலத்தில் கேரளத்திற்கு வந்ததாக ஒரு மரபு உண்டு. இரு தோமாக்களும் மக்கள் நினைவில் ஒன்றாகிவிட்டனரோ என ஐயுறுவோரும் உளர். இவற்றையெல்லாம் எடைபோட்டு நாங்கள் அடைந்த முடிவு இதுதான்: கேரளத்திலும் மயிலாப்பூரிலும் மிகத் தொன்மையான, இடைவிடாத நினைவு ஒன்று உள்ளது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் நிறுவப்பட்டது என்றும் கூற முடியாது.

அப்படியானால் தோழி கேட்ட முதல் கேள்விக்கு விடை என்ன? இயேசு வாழ்ந்தவரா? இதற்குச் சான்றுகள் தோமையாரின் பயணத்திற்கு உள்ளவற்றைவிட மிக உறுதியானவை. புனித பவுல் தம் திருமுகங்களைக் கி.பி. 50 முதல் எழுதத் தொடங்கினார். இயேசுவோடு வாழ்ந்த பேதுருவையும், ஆண்டவரின் சகோதரர் எனப்பட்ட யாக்கோபையும் தாம் எருசலேமில் நேரில் கண்டதை அவர் கூறுகிறார். கதையில் மட்டும் வாழ்பவரின் உறவினரை யாரும் நேரில் காண முடியாதல்லவா? கி.பி. 93 அளவில் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரரான இதே யாக்கோபு கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அவருடைய நூலில் இயேசுவைப் பற்றி வரும் மற்றொரு பகுதியைப் பிற்காலக் கிறிஸ்தவர் தம் விருப்பப்படி கூட்டி எழுதிவிட்டனர் என்பதையும் அறிஞர் கண்டறிந்துள்ளனர். ஏறத்தாழ 116இல் ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸ், திபேரியுவின் ஆட்சியில் பிலாத்துவின் ஆணையால் கிறிஸ்து கொல்லப்பட்டதை எழுதுகிறார். அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். நமக்காகப் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. 1961இல் செசரியா நகரில் இத்தாலிய அறிஞர்கள் தோண்டியபோது, அரங்கத்துப் படிக்கட்டில் போட்டிருந்த ஒரு கல்லில் பிலாத்துவின் பெயர் கிடைத்தது. எனவே கிறிஸ்தவர், யூதர், கடவுளை நம்பாதவர் என்ற வேறுபாடின்றி, வரலாற்றறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் இயேசு என்னும் மனிதர் வாழ்ந்ததையும், சிலுவையில் இறந்ததையும் ஏற்கின்றனர்.

அவர் உயிர்த்தெழுந்தார், அவரே கடவுளின் மகன் என்பனவற்றை எந்த மண்வெட்டியும் தோண்டி எடுத்துக் காட்ட முடியாது. அது விசுவாசம். வரலாறு நம்மை வாசல் வரை கொண்டுவந்து விடும். உள்ளே போவது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது.

இந்த இடத்தில்தான் அப்பர் பெருமானை மீண்டும் நினைத்தோம். பண்ருட்டிக்கருகே திருவாமூரில் பிறந்த அவர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. அவருடைய வரலாற்றைச் சேக்கிழார் விரிவாகப் பாடியது 12ஆம் நூற்றாண்டு. இடையே சுமார் 500 ஆண்டுகள். ஆயினும் அப்பர் வாழவில்லை என்று எவரும் சொல்வதில்லை. அவருடைய தேவாரமே அவருக்குச் சாட்சி. கல் மிதந்ததா என்பது ஒரு கேள்வி. அப்பர் வாழ்ந்தாரா என்பது வேறொரு கேள்வி. முதலாவதைக் கேட்டுச் சிரித்தவள், தன் வீட்டில் தண்ணீர்மேல் நடந்தவரின் படத்தை மாட்டியிருக்கிறாள் என்பதை மறந்துவிட்டாள்! பிறருடைய நம்பிக்கையை ஒரு தராசிலும், நம்முடையதை மற்றொரு தராசிலும் நிறுப்பது நீதியாகுமா?

இக்கட்டுரையை எழுதி முடித்த மாலை, அருட்சகோதரியின் அனுமதியோடு நாங்கள் அனைவரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். யவனர் கப்பல்கள் வந்த கடல் அது. அப்பரைக் கரை சேர்த்ததாகத் தோழி நம்பும் கடலும் அதுவே. சிரித்தவள் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். தோழியும், கோபத்தில் கேட்டதற்காகத் தான் வருந்துவதாகச் சொன்னாள். கேட்டது தவறில்லை, கோபம்தான் தவறு என்று சகோதரி திருத்தினார்கள். பிறகு அவளுடைய சுண்டல் பொட்டலம் எல்லோர் கைக்கும் போய் வந்தது.

அன்புத் தோழியரே! ஜூலை 3ஆம் நாள் புனித தோமையாரின் திருநாள். அன்று அவரிடம் இரண்டு வரங்களைக் கேட்போம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு ஒன்று. உண்மை எதிரே வந்து நிற்கும்போது முழந்தாட்படியிடும் பணிவு மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததால்தான், சந்தேகப்பட்ட தோமா புனித தோமையார் ஆனார்.